தாய்லாந்து வெள்ளத்தில் போன கூடலூர் வீடியோ

இன்னைக்குப் பேசப்போறது ஒரு ஹார்ட் டிஸ்க் பற்றி. 500 ஜிபி. கூடலூரில், குமுளி ரோட்டு மேல இருந்த எங்க மாமாவோட ஸ்டுடியோவில் இருந்தது.

2011 டிசம்பர். முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினைக்காக கம்பம் பள்ளத்தாக்கு சனங்க ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்தாங்க. மாமா மொட்டை மாடியில் நின்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல எடுத்தாரு. எச்.டி. கேமரா வாங்கி அப்போ ஒரு வருஷம்கூட ஆகலை. அந்த வீடியோ இன்னைக்கு இல்லை.

ஏன் இல்லைன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னால போகணும். தமிழ் சினிமாவில் கம்ப்யூட்டர் எடிட்டிங் வந்தது 1994-இல் வெளியான கமல்ஹாசனின் 'மகாநதி'யில். அவிட்னு ஒரு சிஸ்டம். ஆனால் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் போனது படத்தோட நகல்தான். அசல் நெகட்டிவ் லேபில் பத்திரமா இருக்கும். கல்யாண வீடியோவிலும் அப்படித்தான். சின்ன டிஜிட்டல் கேசட்டை ஃபயர்வயர் கேபிளில் மாட்டினால், ஒரு மணி நேரக் கேசட் உள்ளே ஏற ஒரு மணி நேரம். டிஸ்கில் சுமார் 13 ஜிபி. டிஸ்க் செத்தாலும் கேசட் பீரோவில் இருக்கும்.

மெமரி கார்டு கேமரா வந்ததும் அந்தக் காவல் போச்சு. கார்டைக் காலி செய்தால்தான் அடுத்த கல்யாணம். அசலே டிஸ்கில்தான்.

அந்த ஏ.வி.சி.எச்.டி. ஃபைல் மணிக்கு 10 ஜிபிதான் வரும். ஆனால் ரொம்ப அமுக்கின படம். முன்பின் ஃபிரேம்களைக் கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலான ஃபிரேம்களைக் காட்டணும். மாமாவோட கோர் 2 டுவோவில் திக்கித் திக்கி ஓடும். வேற ஃபார்மட்டுக்கு மாற்றினால் நாலஞ்சு மடங்கு ஊதிடும். ரெண்டு கேமராவும் சேர்த்து 8 மணி நேரம்னு வைங்க: 80 ஜிபி, 400 ஜிபி ஆயிடும். ராத்திரி மாற்றப் போட்டுட்டுத் தூங்கினால் கரண்ட் போயிடும். பக்கத்துல லோயர் கேம்ப்பில்தான் பெரியாறு தண்ணியில் கரண்ட் எடுக்கிறாங்க, ஆனா அப்போ எங்களுக்கும் மின்வெட்டுதான்!

வேற சமயமா இருந்தால் இன்னொரு டிஸ்க் வாங்கியிருப்பாரு. ஆனால் அந்த அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் அப்போ சீனாவுக்கு அடுத்த இடம் அந்த நாட்டுக்கு. வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணி. சில வாரங்களில் உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கம்பத்தில் விசாரிச்சுட்டு மாமா வெறுங்கையோட திரும்பி வந்தாரு.

கார்த்திகைக் கல்யாணங்கள் இன்னும் வெட்டி முடியலை. தை பிறந்தால் வரிசையா முகூர்த்தம். எதை அழிக்கிறது?

"கல்யாண வீட்டுக்காரங்க காசு குடுத்திருக்காங்க மாப்ள. ஊர்வலத்துக்கு யாரு குடுத்தா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. இப்பவும் தெரியாது.

போன வருஷம் ஒரு சொந்தக்காரங்க வீட்டில் அந்தக் கார்த்திகையில் நடந்த கல்யாண டிவிடியைப் போட்டாங்க. மாப்பிள்ளை வேன் மண்டபத்துக்குப் போகுது. ஜன்னலுக்கு வெளியே அதே ஊர்வலம். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஒருத்தர், முந்தானையை இழுத்துச் சொருகின பொம்பளைங்க, பள்ளிக்கூடப் பசங்க. 11 விநாடி. எல்லாருக்கும் வாய் அசையுது, கோஷம் கேட்கலை. மாமா அது மேல நாதஸ்வரம் போட்டிருந்தாரு.