மெய்நிகர் குமட்டல்

மெய்நிகர் குமட்டல் என்பது மெய்நிகர் உண்மை (வி.ஆர்.) ஹெட்செட் அணிந்திருக்கும்போதோ கழற்றிய பின்னரோ தோன்றும் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, கண் அயர்ச்சி ஆகிய அறிகுறிகளின் தொகுப்பு. பயணக் குமட்டலுடன் நெருங்கிய தொடர்புடையது.

காரணம்: ஓடும் பேருந்தில் படிப்பவரின் உட்செவி அசைவை உணர்கிறது, பக்கத்தைப் பார்க்கும் கண் உணர்வதில்லை. ஹெட்செட்டில் இது தலைகீழ்: கண் அசைவைக் காண்கிறது, உட்செவி உணர்வதில்லை. இப்புலன் முரண்பாட்டை ரீசன், பிராண்ட் ஆகிய ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் கேமரா ஏறிச்செல்லும் 360 பாகைக் காணொளி குமட்டலைத் தூண்டக்கூடும்; அசையாத கேமராவில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் காட்சியில் அதற்கான வாய்ப்பு குறைவு.

வரலாறு: இதையொத்த தொல்லை 1950களில் ஹெலிகாப்டர் பயிற்சிப் பாவிப்பிகளில் (சிமுலேட்டர்) பதிவானது. 16 அறிகுறிகளை அளவிடும் ஆய்வாளர் கென்னடி குழுவினரின் வினாப்பட்டியல் 1993இல் வெளியானது. 2016இல் விற்பனைக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் ஆகியவை நொடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பித்தன. தலை திரும்புவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையிலான தாமதம் 20 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது எனக் கருதப்படுகிறது.

தொடக்க விளையாட்டுகள்: ஆடுபவர் தம் கால்களாலேயே நகரும் ஜாப் சிமுலேட்டர் (2016), நின்ற இடத்தில் கனசதுரங்களை வெட்டும் பீட் சேபர் (2018) போன்றவை புதியவர்களுக்கு ஏற்றவை. கார்ப் பந்தயம், விமானம், கைக்கருவியின் குச்சியை அசைத்து நகரும் சுடும் விளையாட்டுகள் பழகிய பின் ஆடத்தக்கவை.

தணிப்பு முறைகள்: இடம் தாவி நகர்தல், சீராகச் சுழலாமல் கோணம் கோணமாகச் சட்டெனத் திரும்புதல், நகரும்போது காட்சி விளிம்பை இருட்டாக்குதல், முதல் அறிகுறியிலேயே ஆட்டத்தை நிறுத்துதல். குறுகிய அமர்வுகளாகப் பழகினால் பலருக்குத் தாங்குதிறன் கூடுகிறது.