சார்பு

‘சார்’ என்னும் வினையடியோடு ‘பு’ விகுதி சேர்ந்து பிறந்த பெயர் இது. சாய்தல், அண்டுதல், ஒன்றைப் பற்றி நிற்றல் என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கும் கூரையைச் ‘சார்ப்பு’ என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

இலக்கணத்தில் இச்சொல்லுக்கு நெடிய வாழ்வு உண்டு. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் தனித்து இயங்காதவை எனத் தொல்காப்பியம் பிரித்தது. நன்னூல் இத்தகைய சார்பெழுத்துகளைப் பத்தாக விரித்தது.

இன்று ‘டிபெண்டென்சி’க்கு ஈடாகக் கணினித் தமிழிலும் ‘சார்பு’ வழங்குகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் பல நிரல்கள் ஒரே நிரலகத்தை (லைப்ரரி) பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நிரலைக் கட்டும்போது, அதற்கு வேண்டிய நிரலகத்தின் பதிப்பு எண்ணுடன் கூடிய பெயர் நிரல்கோப்பிலேயே பதிந்துவிடும். இப்பெயரை ‘எஸ்ஓநேம்’ என்பர். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் ‘டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ்’ என்னும் கருவி அப்பெயர்களைப் படித்து, அந்நிரலகங்களைத் தரும் மென்பொருள் பொதிகளைக் கண்டறிந்து சார்புப் பட்டியலை ஆக்கித் தருகிறது. கையால் எழுதினால் ஏதேனும் ஒன்று விடுபடக்கூடும். பதிப்பு எண்ணும் பிசகக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 2021-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளின் 3.0 பதிப்பு வந்தபோது அதன் நிரலகப் பெயரில் 1.1 என்றிருந்த எண் 3 ஆனது. புதிய நிரலகத்துக்கு மாற, பழைய பெயரைச் சார்ந்த நிரல்களை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

‘தேவை’ என்ற சொல் இங்கே போதாது. கேட்டது கிடைத்ததும் தேவை தீர்ந்துவிடும்; சார்பு தீராது. சார்ந்த நிரலகம் இல்லையேல் நிரல் தொடங்கவே தொடங்காது. தனித்து இயங்காத சார்பெழுத்தின் இயல்பும் அதுவே. பழஞ்சொல் புதுப்பொருளில் இத்தனை பொருத்தமாக அமர்ந்திருப்பது தமிழுக்குப் பேறு.