சபா மேடையும் குணச்சித்திர நடிகரும்: டெல்லி கணேஷை முன்வைத்து

தமிழ்த் திரை வரலாறு பெரும்பாலும் நாயகர்களையும் இயக்குநர்களையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. குணச்சித்திர நடிகர்கள் அதில் பெயர்ப்பட்டியலாக மட்டுமே வந்து போகின்றனர். அவர்களுடைய நடிப்பு எங்கே உருவானது என்று கேட்டால் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றிய பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களைச் சுட்டுவது வழக்கம். எம். ஆர். ராதா தலைமுறைக்கு அந்த விடை பொருந்தும். 1970களில் திரைக்கு வந்த பலருக்குப் பொருந்தாது. இவர்களை உருவாக்கியது, நகரக் கலைச் சபாக்களின் ஆதரவில் பகுதிநேர நடிகர்கள் நடத்திய சபா நாடகம். அந்த மேடை அளித்த திறனே பின்னாளில் இவர்களுக்கு வேலியாகவும் அமைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். டெல்லி கணேஷின் (1944–2024) நடிப்பு வாழ்வு இதற்குத் தக்க சான்று.

கம்பெனி நடிகருக்கு நாடகமே பிழைப்பு. சபா நடிகருக்குப் பகலில் உத்தியோகம், மாலையில் ஒத்திகை. நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். வல்லநாட்டில் பிறந்த கணேஷ், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். தில்லியில் தட்சிண பாரத நாடக சபாவிலும், பின்னர் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவிலும் நடித்தார். சபா நாடகத்தில் தந்திரக் காட்சிகளோ பாட்டுக் கச்சேரியோ கிடையாது. நடுத்தர வர்க்க வீட்டுக் கூடமே களம், வசனமே உந்துவிசை. ஒருவர் சொல்லும் நகைச்சுவை எடுபடுவது, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தை எடுக்கும் சக நடிகரின் கையில் இருக்கிறது. ஆகவே பேசுவதைவிடக் கேட்பதில்தான் இங்கே நடிகன் தேர்ச்சி பெறுகிறான். குணச்சித்திர நடிகனுக்குத் திரையில் வேண்டிய முதல் தகுதியும் அதுவே.

விசுவின் நாடகத்தைத் தழுவிக் கே. பாலசந்தர் இயக்கிய 'பட்டினப் பிரவேசம்' (1977) கணேஷைத் திரைக்குக் கொண்டுவந்தது. பெயருக்கு முன் 'டெல்லி' சேர்த்தவரும் பாலசந்தரே. இரண்டே ஆண்டுகளில் துரையின் 'பசி' (1979) வந்தது. ஷோபாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த இப்படத்தில், குப்பத்தில் வாழும் ரிக்‌ஷாக்காரத் தந்தையாக நடித்த கணேஷ் தமிழக அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றார். சபா நாடகத்தின் வர்க்கத்துக்கும் மொழிக்கும் வெகு தொலைவில் இருந்த வேடம் இது. அம்மேடையில் வளர்ந்தவர் அந்த வாழ்வை மட்டுமே நடிக்க வல்லவர் என்ற கருத்தை இது ஒன்றே மறுத்துவிடுகிறது.

ஆயினும் திரையுலகம் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தது ஐயர் வேடங்களுக்கே. 'சிந்து பைரவி'யில் (1985) குடிப்பழக்கம் உள்ள மிருதங்கக் கலைஞர். 'நாயக'னில் (1987) வேலு நாயக்கரின் கூட்டாளியான ஐயர். 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) காமேஸ்வரனை வளர்த்த பாலக்காட்டு மணி ஐயர். 'அவ்வை சண்முகி'யில் (1996) சேதுராம ஐயர். 'அபூர்வ சகோதரர்க'ளின் (1989) வில்லன்களில் ஒருவர் போன்ற விலகல்கள் குறைவு. ஆனால் ஒரே சமூக அடையாளம் கொண்ட இவ்வேடங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் உள்வேறுபாடு துலங்கும். மிருதங்கக் கலைஞரிடம் இருப்பது வித்தையின் செருக்கும் கூச்சமும். மணி ஐயரிடம் பாலக்காட்டுப் பேச்சின் இழுவையே பாத்திரத்தைத் தாங்குகிறது. சேதுராம ஐயரிடம் பணிவுக்குள் வேவு பார்க்கும் கண். குணச்சித்திர நடிகரை எத்தனை வகை வேடம் கட்டினார் என்று மட்டும் அளப்பது போதாது. ஒத்த வேடங்களுக்குள் எத்தனை மனிதர்களைக் காட்டினார் என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வேறுபாடு எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் உரியது என்று வாதிடலாம். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் 'மைக்கேல் மதன காமராஜ'னுக்கு வசனம் எழுதிய கிரேஸி மோகனும் சபா மேடையிலிருந்து வந்தவரே. அவருடைய வசனம் நடிகரின் தாள உணர்வை நம்பி எழுதப்படுவது. தாளம் தப்பினால் அச்சில் மட்டுமே நகைச்சுவையாக எஞ்சும். எழுத்தும் நடிப்பும் ஒரே பட்டறையில் உருவானவை என்பதால் இங்கு இரண்டையும் பிரித்துப் பங்கிடுவது பொருளற்றது.

1990களில் 'மர்மதேசம்', 'காசளவு நேசம்' முதலிய தொலைக்காட்சித் தொடர்கள் இத்தலைமுறைக்கு மூன்றாவது களமாயின. நாளொன்றுக்குப் பல காட்சிகள் எடுக்க வேண்டிய சின்னத்திரையில், உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லிக்கொடுக்க நடிகர் அதைத் திருப்பிச் சொல்லும் 'பிராம்ப்டிங்' பரவலான முறை. நீண்ட வசனத்தை மனத்தில் நிறுத்தி ஒரே மூச்சில் நடித்துப் பழகிய மேடை நடிகர்கள் இத்தகைய வேகத்துக்கு இயல்பாகவே ஈடுகொடுத்தனர். தொடரின் கதைவெளியும் வீட்டுக்கூடமே. தொலைக்காட்சி மேடைக்கு எதிரி என்ற பொதுக்கருத்துக்கு மாறாக, சபா நாடகத்தின் நடிகர்களையும் களத்தையும் அது ஒருசேர ஏற்றுக்கொண்டது. விலையும் இருந்தது: தந்தை, மாமனார், பெரியவர் என்ற வட்டம் மேலும் இறுகியது. 'பசி' திறந்துகாட்டிய வாசல் வழியாக வேறு வேடங்கள் போதிய அளவில் வரவில்லை. அது நடிகரின் போதாமையன்று. சாதியையும் பேச்சுவழக்கையும் முகத்தோடு சேர்த்து முத்திரையிடும் தமிழ்த் திரையின் வழக்கம்.

நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒருவரின் திறன் படங்களில் பதிவாகியிருக்கிறது. அதை உருவாக்கிய நாடகங்களோ பெரும்பாலும் அரங்கேறிய மாலைகளோடு மறைந்துவிட்டன. சபா நாடகப் பிரதிகளையும், எஞ்சியிருக்கும் ஒலி, ஒளிப்பதிவுகளையும், மூத்த நடிகர்களின் வாய்மொழி நினைவுகளையும் பல்கலைக்கழக நாடகத் துறைகள் இப்போதே திரட்ட வேண்டும். அவை இல்லாமல் எழுதப்படும் தமிழ்த் திரை நடிப்பின் வரலாறு அரைகுறையாகவே இருக்கும்.