ஊடுகதிர்ப் படமும் காலத்தின் அருமையும்

விபத்தில் அடிபட்ட ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்கிறோம். உள்ளே என்ன முறிந்திருக்கிறது, எங்கே இரத்தம் கசிகிறது என்பது வெளியே தெரியாது. அதைக் காட்டும் படம் எவ்வளவு விரைவில் டாக்டர் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் பிழைக்கின்றன. அந்த விரைவு எப்படி வந்தது?

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், 1895 நவம்பர் 8-ஆம் நாள், பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். மூன்று மாதத்திற்குள், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், மணிக்கட்டு எலும்பு முறிந்த ஒரு சிறுவனுக்குப் படம் எடுத்தார்கள். அவன் 20 நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது!

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. மேரி கியூரி அம்மையார் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவியைப் பொருத்திப் போர்முனைக்கே கொண்டு சென்றார். நோயாளி கருவியைத் தேடிப் போகாமல், கருவி நோயாளியைத் தேடி வந்தது.

ஆனாலும் ஒரு தடை இருந்தது. படத்தை இருட்டறையில் மருந்து நீரில் தோய்த்து, கழுவி, காயவைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அவசரமானால் ஈரம் சொட்டச் சொட்டவே டாக்டர் பார்ப்பார். 1956-இல் கோடாக் நிறுவனத்தின் தானியங்கி இயந்திரம் இவ்வேலையை 6 நிமிடமாகக் குறைத்தது. 1965-இல் 90 வினாடியே போதுமானது.

1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளரின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அன்று பதிவு நாடாவைக் காரில் வேறிடம் கொண்டுபோய், கணினியில் கணக்கிட்ட பிறகே படம் கிடைத்தது. இன்று சில வினாடிகளில் திரையில் தெரிகிறது. தொலைவில் உள்ள நிபுணரும் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடிகிறது.

பக்கவாதம் வந்தவருக்கு இந்த விரைவு மிக முக்கியம். மூளையில் இரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். இரத்தக் கசிவாக இருந்தாலோ அதே மருந்து உயிரைப் பறிக்கும். எது என்று சொல்வது ஸ்கேன் படமே.

ஆகவே நேயர்களே, வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். கருவி எவ்வளவு விரைந்தாலும், வீட்டில் நாம் இழந்த நேரத்தை அதனால் மீட்டுத் தர முடியாது.