படுவான்கரைக்கு ஆய்வு வந்த கதை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை. நான் அங்கே பிறந்தவள். என் சிறுவயதில் எங்கள் ஊரில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் முதலில் அம்மன் கோயிலில் தெய்வம் ஆடுபவரிடம் வாக்குக் கேட்பார்கள். பிறகு நூல் கட்டுவார்கள், கழிப்புக் கழிப்பார்கள். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். ஒன்றும் சரிவராவிட்டால்தான் அங்கொடை. கொழும்பை அடுத்த அந்த மனநோய் ஆஸ்பத்திரி 1926இல் திறக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். ஓடத்தில் வாவியைக் கடந்து, பட்டணம் போய், ரயிலேறி ஒருவரைக் கொண்டுபோய் விட்டுவந்தால், மறுபடி போய்ப் பார்ப்பதென்பது கூலிவேலை செய்யும் குடும்பத்தால் முடியாத காரியம்.

போருக்கு நடுவே 1990 வந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த அகதிகளில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அந்த ஆண்டில் வாவியின் இரு கரையிலும், தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும், ஆள் இழக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிள்ளை உயிரோடிருக்கிறதா என்று கேட்டு அறிய எந்தக் கந்தோரும் இல்லாத தாய்மார் அம்மனிடம் போய்க் கேட்டார்கள். தெய்வமாடிய பெண்கள் அந்தத் துயரைத் தங்கள் உடம்பில் வாங்கிப் பேசினார்கள். அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் தொண்ணூறுகளில் இங்கே தங்கியிருந்து இதைக் கவனமாக எழுதிவைத்தார். உளமருத்துவர் ஒருவர் எங்கள் பக்கம் வந்து சேர்வதற்கு முன்பே எங்கள் மனத்துயர் ஆய்வுக் கட்டுரையாகிவிட்டது. அந்தக் கட்டுரை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது நடந்த வரிசையை நான் மறக்கவில்லை.

டொக்டர் மகேசன் கணேசன் மட்டக்களப்புக்கு வந்து வேலை தொடங்கியது 2000ஆம் ஆண்டையொட்டி. கிழக்கு மாகாணத்தில் உளமருத்துவர் என்று சொல்ல அன்று அநேகமாக அவர் ஒருவர்தான். கட்டடம் வரட்டும், காசு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அரசாங்கத்தில் ஏற்கெனவே இருந்த ஆட்களையும் அறைகளையும் வைத்தே மாவட்டம் முழுவதற்கும் ஒரு சேவையைக் கட்டினார். ஊர்ப் பிள்ளைகள் உளசமூகப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். நானும் அந்தக் காலத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

கிளினிக் நாள் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். விடியற்காலையில் ஆட்கள் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடப்பார்கள். படுவான்கரை 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இறங்கியதும் சோதனைச் சாவடி. ஒவ்வொருவர் கையிலும் பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. அதில் திகதி, மருந்தின் பெயர், மாத ஊசி போட்ட அடையாளம். நோயாளி வராவிட்டால் நாங்கள் சைக்கிளில் வீடு தேடிப் போவோம். ஏன் வரவில்லை? பாதை ஓடவில்லை, சுற்றிவளைப்பு, வெள்ளாமை வெட்டு, ஊசி போட்டால் கை நடுங்குகிறது. ஒருமுறை ஒரு வீட்டில், “சுகமாயிட்டான், இனி எதுக்கு ஊசி?” என்று தாய் கேட்டார். இந்தக் காரணங்களை எண்ணி, எதனால் எத்தனை பேர் மருந்தை விட்டார்கள் என்று பார்த்திருந்தால் அது நல்லதொரு ஆய்வு. எண்ணுவதற்கு யாருக்கு நேரம்? டொக்டருக்கு வாசலில் வரிசை நின்றது. இங்கே ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு சேவை எழும்பிய அனுபவத்தை அவர் ‘இன்ரர்வென்ஷன்’ என்ற சஞ்சிகையில் எழுதியது 2011இல்.

இடையில் சுனாமி. 2004 டிசம்பர் 26இல் மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடி துடைத்தெறியப்பட்டது. சில கிழமைகளுக்குள் வெளிநாட்டு உளவளத்துணையாளர்களும் ஆய்வாளர்களும் வந்து குவிந்தார்கள். பலர் மனதார உதவ வந்தவர்கள். ஆனால் ஒரே முகாமில் ஒரே பிள்ளையிடம் வேறு வேறு ஆட்கள் அதே கேள்விகளைக் கேட்டதை நான் கண்டேன். மூன்று பேரைக் கடலுக்குக் கொடுத்த ஒரு ஆச்சி படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்: “புள்ள, போனமுறை வந்த ஆக்களும் இதத்தான் கேட்டவ. மறுகா வரவே இல்லகா.” நிரப்பிய படிவங்கள் போய்விட்டன. அவற்றிலிருந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று அந்த முகாமுக்கு வந்து யாரும் சொல்லவில்லை.

இதைக் கண்டு சும்மா இருக்காதவர்களும் இருந்தார்கள். மட்டக்களப்பில் தங்கி வேலைசெய்த ஆனந்த கலப்பத்தி போன்றவர்கள் ‘மாங்குரோவ்’ என்ற வலையமைப்பை உண்டாக்கி, எந்த நிறுவனம் எங்கே போகிறது, யார் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்று ஒழுங்குபடுத்தினார்கள். அவருக்கு 2008இல் மகசேசே விருது கிடைத்தது. கொழும்பில் உளமருத்துவர் அதுல சுமதிபால பேரிடர்க் காலத்தில் ஆய்வு செய்வோருக்கு என்ன ஒழுக்கம் வேண்டும் என்று உரத்துப் பேசினார். லண்டன் சென்று ஆய்வு முறைகளைக் கற்று, இலங்கையில் 1997இல் இரட்டையர் பதிவேட்டைத் தொடங்கியவர் அவர். ஆய்வில் பயிற்சி பெற்ற உள்நாட்டு உளமருத்துவர் ஒருவர் இருந்தால் என்ன பயன் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். வெளியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களிடம் கணக்குக் கேட்க, அவர்களுடைய ஆய்வு மொழியில் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சோறில்லாத இடத்தில் ஆய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு விவசாயிகளின் கதையைச் சொல்வேன். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்தது. இருபது ஆண்டுகளில் அந்த வீதம் முக்கால்வாசிக்குக் கிட்டக் குறைந்தது. எந்தப் பூச்சிகொல்லியால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று வாட்டில் நின்று எண்ணியவர்களால் வந்த பலன் இது. மறுபக்கம், நஞ்சுப் போத்தலைப் பூட்டிவைக்கப் பெட்டி கொடுத்தால் போதும் என்று பலரும் நம்பினார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் சோதித்துப் பார்த்தபோது, 2017இல் வந்த முடிவு, அதனால் பயனில்லை என்பது. படுவான்கரை வெள்ளாமைக்காரர் வீட்டு வாசலில் போத்தல்களைக் கண்டு பழகிய எனக்கு, அந்த முடிவு பெரிய பாடம். நல்ல மனதோடு செய்வதெல்லாம் பலிக்காது, சோதித்துத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடக்கும்போதே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, அங்கே கண்டதை 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற நூலாக எழுதினார். பார்ப்பதும் எழுதுவதும் ஒருவரே செய்யலாம் என்பதை அவர் காட்டினார். ஆனால் அது அவருடைய தனிப்பட்ட உழைப்பு. அதை ஒரு பயிற்சியாக மாற்றுவதுதான் நமக்கு இன்னும் கைகூடவில்லை. ஒரு காலத்தில் உளமருத்துவராக வேண்டுமென்றால் பிரித்தானியா போக வேண்டும். 1980இல் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வந்தபின் இங்கேயே படிக்கலாம். ஆனாலும் வெளிநாட்டில் ஒரு காலம் பயிற்சி எடுக்கப் போகிறவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். திரும்பி வருபவரைக் கிளினிக் வரிசை விழுங்கிவிடுகிறது.

மட்டக்களப்பில் இன்று போதனா வைத்தியசாலை இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பிக்கும் பீடம் இருக்கிறது. பாதை ஓடிய மண்முனையில் 2014 முதல் பாலம் இருக்கிறது. பொறுப்பிலுள்ளவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உளமருத்துவம் படிக்கும் இளம் டொக்டர்மாரைக் கிழமையில் ஒரு நாளாவது கிளினிக்கிலிருந்து விடுவித்து, அந்த நாளை ஆய்வுக்கென ஒதுக்குங்கள். ஆய்வு தெரிந்த மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள். எங்களைப் போன்ற பணியாளர்களையும் அவர்களோடு உட்கார வையுங்கள். எந்த வீட்டில் எதைக் கேட்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். கண்டதை முதலில் படுவான்கரைக் கொக்கட்டிச்சோலையிலும், சுனாமியில் வீடிழந்தவர்கள் குடியேறிய திராய்மடுவிலும் வந்து சொல்லுங்கள், சஞ்சிகைக்குப் பிறகு அனுப்பலாம்.