மனுஷனுக்குச் செஞ்ச பட்டையில் பூனையோட சிறுநீர்

பத்து வயசுப் பூனை ஒண்ணு. கொஞ்ச நாளா தண்ணி நிறைய குடிக்குது, மெலிஞ்சுக்கிட்டே வருது. வீட்டுக்காரர் அதோட சிறுநீரை ஒரு புட்டியில் பிடிச்சு, திண்டுக்கல் டவுன்ல மனுஷங்களுக்கான லேப் ஒன்றில் கொடுக்கிறார்னு வைச்சுக்குவோம். ரிப்போர்ட்டில் ‘லூக்கோசைட் ++’. வெள்ளணு இருக்கு, அப்போ கிருமிதான்னு மெடிக்கல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிடுவார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். லேபில் நனைச்ச அந்தப் பட்டை பூனைக்காகச் செஞ்சதே இல்லை.

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்றது நமக்குப் பழசு. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்குற நெய்க்குறியில், காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவாங்க. பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி வளைந்தால் பித்தம், முத்து மாதிரி நின்றால் கபம். அதுக்குத் துணையா நீர்க்குறி: நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல். இதில் அந்த ‘எடை’யைக் கொஞ்சம் ஞாபகம் வைச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

நவீன ஆய்வில் நாய்க்குப் பெரிய பங்கு உண்டு. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயோட கணையத்தை எடுத்தாங்க. பழக்கிய நாய், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்க ஆரம்பிச்சுது. (ஈ மொய்த்த கதையும் சொல்வாங்க, அதை நான் நம்புறதில்லை.) சோதிச்சால் சர்க்கரை! சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் தெரிய வந்தது.

அடுத்து ஸ்டான்லி பெனடிக்ட். பள்ளி லேபில் நீலக் கரைசலைக் கொதிக்க வைச்சுச் செங்கல் நிறம் பார்த்தோமே, அவரேதான். டால்மேஷியன் நாய் மற்ற நாய்களைப் போல இல்லாம யூரிக் அமிலத்தை நிறைய வெளியேத்துதுன்னு 1916-ல் எழுதினவரும் அவர்தான். அதாவது நாய்க்குள்ளேயே எல்லா நாயும் ஒண்ணில்லை.

1956-ல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனத்தில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியோட வேலையில் நனைச்சுப் பார்க்கிற சர்க்கரைப் பட்டை வந்தது. அடுப்பு வேண்டாம், கரைசல் வேண்டாம். பிற்பாடு புரதம், ரத்தம், வெள்ளணுன்னு கட்டம் கட்டமாச் சேர்த்தாங்க. எல்லாமே மனுஷ சிறுநீரை மனசுல வைச்சு.

அதனால்தான் பூனையில் வெள்ளணுக் கட்டம் சும்மாவே நிறம் மாறும். நாயில் நேர்மாறு, வெள்ளணு இருந்தும் பல நேரம் மாறாது. ரெண்டுக்கும் வண்டலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை. பிலிருபினும் அப்படித்தான்: கோடையில் கெட்டியாப் போற ஆண் நாய்க்கு லேசாத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பூனைக்குத் தெரிந்தாலே விசாரிக்கணும். சர்க்கரை வந்தாலும் உடனே முடிவு கட்டக் கூடாது. கூடையில் அடைச்சுக் கொண்டுவந்த பூனைக்குப் பதற்றத்திலேயே ரத்தச் சர்க்கரை ஏறி, சிறுநீரிலும் தெரியலாம்.

இப்போ அந்த ‘எடை’. அதைத்தான் இன்னைக்கு ஒப்படர்த்திங்கிறோம். பட்டையில் அந்தக் கட்டம் பொதுவா 1.030-லேயே முடிஞ்சிடும். நல்ல சிறுநீரகமுள்ள பூனை 1.035-க்கு மேல சாதாரணமாப் போகும், 1.050-யும் தாண்டும். அதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேணும். ஒரு சொட்டு போதும். நம்ம பத்து வயசுப் பூனைக்கு அது 1.015-னு காட்டினால், சிறுநீரகத்தைச் சந்தேகப்படணும், ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கணும். ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருந்தால் போறது அந்த வாரங்கள்தான்.

இன்னொண்ணு, நம்ம ஊர் வெயில். வேடசந்தூர்லயோ நத்தத்துலயோ காலையில் பிடிச்ச சாம்பிள் மத்தியானம் பஸ்ஸில் வந்து சேர்ந்தால், அதுக்குள்ள கிருமி பெருகியிருக்கும், செல்கள் உடைஞ்சிருக்கும், பி.எச். மாறியிருக்கும். அரை மணிக்குள்ள கொடுக்க முடியலைன்னா ஐஸ் வைச்ச டப்பாவில் கொண்டு வாங்க. குளிர்ந்தால் படிகங்கள் புதுசா உருவாகலாம், அதனால பிடிச்ச நேரத்தையும் குளிரில் வைச்சதையும் புட்டிமேல எழுதி டாக்டர்கிட்ட கொடுங்க. ஆண் பூனை முக்கி முக்கியும் ஒரு சொட்டுகூட வரலைன்னா மட்டும் சாம்பிளுக்குக் காத்திருக்காதீங்க, பூனையையே தூக்கிட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்க.