எலும்புப்புரை: இயற்கைவழித் தடுப்பு (புனே)

எலும்புப்புரை என்பது எலும்பின் அடர்த்தி குறைந்து, சிறு தடுக்கலிலும் முறியும் நிலை. உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோலின்படி, அடர்த்திச் சோதனையில் டி-மதிப்பு (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் அளவு) -2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது எலும்புப்புரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் ஆபத்து அதிகம்.

உணவு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி நாளொன்றுக்குப் பெரியவர்களுக்கு 1000 மி.கி. கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. கால்சியமும் தேவை. மராத்தியர் நாச்ணி எனும் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு. நாச்ணி பாக்ரி எனும் ரொட்டி, சங்கராந்தியின் எள்ளுருண்டையான தில்குள், பால், தயிர் ஆகியவை நல்ல ஆதாரங்கள். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் தோலில் நேரடியாகப் பட வேண்டும்.

யோகா: பி.கே.எஸ். ஐயங்கார் 1975-இல் புனேயில் தொடங்கிய ரமாமணி ஐயங்கார் நினைவு யோகா நிலையம், நாற்காலி, சுவர்க்கயிறு, மரக்கட்டை ஆகியவற்றின் துணையோடு முதியோரும் ஆசனம் பயிலும் முறையைப் பரப்பியது. வீரபத்ராசனம் போன்ற நின்றநிலை ஆசனங்களில் உடல் எடை இடுப்பிலும் தொடையிலும் இறங்கும். கால் தசை வலுப்படும், சமநிலை கூடும். முதுகெலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள் முன்குனியும் ஆசனங்களையும் வலிந்து முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

எலும்பு ஏற்கெனவே முறிந்தவர்களுக்கு இந்த உணவும் யோகாவும் துணை மட்டுமே. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.